சிசேரியனுக்குப் பிந்தைய வயிறு: கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்கு முன்பணம் கட்டிவிட்டேன், செய்துகொள்ளலாமா?

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 39 வயது, கோயம்புத்தூரில் இருக்கிறேன். குழந்தைகள் இருவரும் சிசேரியனில் பிறந்தவர்கள். இளையவனுக்கு இப்போது 6 வயது. என் உயரம் 158 செ.மீ., எடை 62 கிலோ, இடுப்புச் சுற்றளவு 88 செ.மீ. கை கால்கள் ஒல்லியாகவே இருக்கின்றன. வயிறு மட்டும் ஐந்து மாதக் கர்ப்பம் போல முன்னே தள்ளி நிற்கிறது. நகரப் பேருந்தில் இரண்டு முறை எனக்கு எழுந்து இடம் கொடுத்திருக்கிறார்கள். மறுத்துச் சொல்லவும் வாய் வராமல், உட்காரவும் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

சென்ற வாரம் ஓர் அழகியல் கிளினிக்குக்குப் போனேன். அங்கே ஆலோசகர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட பெண் மூன்று வழிகளைச் சொன்னார். ஒன்று, லைப்போசக்‌ஷன் எனப்படும் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை. மற்றொன்று, குளிர்க் கருவியால் கொழுப்பை உறையவைப்பது. மூன்றாவது, கொழுப்பைக் கரைக்கும் ஊசி. என் வயிற்றுக்கு முதலாவதுதான் பொருந்தும் என்றும், காலையில் வந்தால் மாலையே வீட்டுக்குப் போய்விடலாம் என்றும், சர்க்கரையும் அதோடு கட்டுக்குள் வந்துவிடும் என்றும் சொன்னார். என் தந்தைக்குச் சர்க்கரை நோய் உண்டு. எனக்கும் மூன்று மாதச் சராசரி 6.0 என்று சென்ற பரிசோதனையில் வந்திருக்கிறது. மருத்துவர் இறுதியில் ஐந்து நிமிடம் வந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல், கைப்பேசியில் எடுத்த படத்தைப் பார்த்து “நான்கு லிட்டர் எடுக்கலாம்” என்றார். சலுகை அன்றோடு முடிகிறது என்றதால் 10,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். தை மாதம் நாத்தனார் மகளுக்குத் திருமணம். இன்னும் இரண்டு மாதங்கள் இருக்கின்றன.

வீட்டுக்கு வந்த பிறகு உறக்கம் பிடிக்கவில்லை. இது பாதுகாப்பானதா, எனக்கு ஏற்றதுதானா என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வைகைவாசி

நான்கு ஆண்டுகளுக்கு முன் மதுரையில் இரண்டு விலாப்பக்கங்களிலும் இடுப்பின் பின்புறத்திலும் செய்துகொண்டேன். பலனில் எனக்குக் குறையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து எழுதப்போவது உங்களை மிரட்டுவதுபோல் தோன்றலாம்.

முதல் இரண்டு இரவுகள், துளையிட்ட இடங்களிலிருந்து இளஞ்சிவப்பு நீர் வழிந்துகொண்டே இருக்கும். உள்ளே செலுத்திய திரவம் வெளியேறுகிறது, அது வெளியேறுவதே நல்லது என்று செவிலியர் சொல்லியிருந்தார். ஆனாலும் நடுநிசியில் மெத்தை நனைந்திருப்பதைக் கண்டு என் கணவர் ஆடிப்போனார். குழந்தைகளுக்குப் போடும் ரப்பர் விரிப்பு இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரங்களுக்கு இரவு பகலாக இறுக்க உடை அணிய வேண்டும். நான் செய்துகொண்டது பங்குனியில், ஆகவே மதுரை வெயிலில் அது எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். மூன்று மாதங்கள்வரை அந்தத் தோலில் வெந்நீர் பட்டாலும் சூடு தெரியவில்லை. தடவினால் உள்ளே கட்டி கட்டியாக நெருடியது. வீக்கம் முழுதாக வடிந்து உண்மையான வடிவம் தெரிந்தது ஐந்தாம் மாதத்தில்தான். அதனால் தை மாதத் திருமணத்துக்கு என்று நினைத்துச் செய்யாதீர்கள். பந்தியில் உட்காரும்போது இறுக்க உடையோடுதான் உட்கார்வீர்கள்.

இன்னொன்று: எடை குறைந்தது ஒன்றரைக் கிலோ மட்டுமே. மாலையில் யாரும் என்னை அனுப்பவில்லை, ஓர் இரவு மருத்துவமனையில் வைத்திருந்தார்கள்.

பழைய மயக்கவியலர்

அரசு மருத்துவமனையில் மயக்க மருந்துத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அம்மா, உங்கள் பதிவில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தவை இரண்டு: “நான்கு லிட்டர்” என்பதும் “மாலையே வீட்டுக்கு” என்பதும். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்தச் சிகிச்சைக்கு நூறாண்டுக் கதை உண்டு. 1920களில் பிரான்சில் ஒரு பெண்ணின் காலிலிருந்து கொழுப்பைச் சுரண்டி எடுக்க முயன்று, கடைசியில் அந்தக் காலையே துண்டிக்க நேர்ந்தது. 1970களில் ரோமில் ஃபிஷர் என்ற தந்தை, மகன் ஆகிய மருத்துவர்களும் பாரிசில் மருத்துவர் இல்லூஸும் மழுங்கிய குழாயை நுழைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் இரத்த இழப்பு மிகுதியாக இருந்தது. 1980களின் நடுவில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன், உப்புநீரில் மரப்பு மருந்தாகிய லிக்னோகெயினையும் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினையும் மிக நீர்த்த அளவில் கலந்து, கொழுப்பு அடுக்கு விம்மும்வரை செலுத்திவிட்டு உறிஞ்சும் வழியைக் கண்டார். இன்று எந்தப் பெயரிட்ட கருவியைக் காட்டினாலும், லேசர் என்றாலும் ஒலியலை என்றாலும், அடிப்படையில் இந்தத் திரவம் இருக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். தையல் போடுவதற்காக மரக்கவைக்கும்போது, அட்ரினலின் கலந்த லிக்னோகெயினைக் கிலோவுக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் நாங்கள் கொடுப்பதில்லை; 62 கிலோ எடைக்கு அது 434 மில்லிகிராம். மிக நீர்த்த கரைசலாகக் கொழுப்புக்குள் செலுத்தும்போது உடல் அதை மெதுவாக உறிஞ்சிக்கொள்வதால், க்ளைன் கிலோவுக்கு 35 மில்லிகிராம்வரை பாதுகாப்பு என்று வகுத்தார். பின்னாளில் தோல் மருத்துவர்கள் 55 வரை ஏற்றுக்கொண்டார்கள். உங்களுக்கு அது 2,170 முதல் 3,410 மில்லிகிராம்வரை ஆகும். ஒரு லிட்டர் கரைசலில் 500 முதல் 1,000 மில்லிகிராம் கலப்பது வழக்கம். எடுக்கும் அளவுக்கு இணையாகவோ அதைவிடக் கூடுதலாகவோ திரவத்தை உள்ளே செலுத்துவார்கள். நான்கு லிட்டர் எடுப்பதற்கு நான்கு லிட்டர் மட்டுமே செலுத்தினால்கூட, லிட்டருக்கு 1,000 என்று கலந்திருந்தால் 4,000 மில்லிகிராம் ஆகிவிடும். உச்ச வரம்பையே தாண்டிவிட்டது. படத்தைப் பார்த்து லிட்டர் சொன்னவர் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்தாரா என்பதுதான் என் கேள்வி.

இதில் மற்றொரு நுணுக்கம் இருக்கிறது. இம்முறையில் இரத்தத்தில் மருந்தின் அளவு உச்சத்தை எட்டுவது சிகிச்சை முடிந்தவுடன் அல்ல; ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்து. காலை 10 மணிக்குத் தொடங்கினால், இரவு 10 மணி அளவில் நீங்கள் வீட்டில் படுத்திருக்கும்போதுதான் உதடு மரத்துப்போவது, காதில் இரைச்சல், நாக் குழறல் போன்ற முதல் அறிகுறிகள் வரக்கூடும். முற்றினால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரும். பூஞ்சைத் தொற்றுக்கான சில மருந்துகளும் சில ஆன்டிபயாட்டிக்குகளும் கல்லீரல் லிக்னோகெயினைச் சிதைப்பதைத் தாமதப்படுத்துவதால், நீங்கள் உட்கொள்ளும் மாத்திரை எதையும் மறைக்கக் கூடாது. இந்த நச்சுக்கு முறிமருந்தாக இரத்தக் குழாயில் ஏற்றப்படுவது 20 விழுக்காட்டுக் கொழுப்புப் பால்மம் (லிப்பிட் எமல்ஷன்). கொழுப்பை எடுக்கப் போய்க் கொழுப்பை ஏற்றிப் பிழைக்க வேண்டியிருப்பது ஒரு வேடிக்கைதான். அந்தப் பால்மம் உங்கள் கிளினிக்கில் இருக்கிறதா என்று கேளுங்கள். கேள்வியே புரியாமல் விழித்தால் பதில் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம்.

நெல்லைச்சீமைக்காரன்

எல்லோரும் மன்னிக்க வேண்டும். உயிரோடு விளையாடும் இந்த வேலை எதற்கு? 2022இல் பெங்களூரில் கன்னடச் சின்னத்திரை நடிகை ஒருவர், 21 வயதுப் பெண், கொழுப்பு நீக்கச் சிகிச்சைக்குப் போய் இறந்தார். 2024இல் சென்னையில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்தார். இவ்வளவையும் படித்த பிறகும் முன்பணம் கட்டுகிறார்கள். காலையில் ஐந்து கிலோமீட்டர் நடந்து, இரவில் சோற்றைக் குறைத்தால் கரையாத தொப்பை எது? என் மனைவியிடமும் இதைத்தான் மூன்று ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன்.

நொய்யல்கரை

ஐயா, உங்கள் அக்கறைக்கு நன்றி. இரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் 50 நிமிடம் நடக்கிறேன். 69 கிலோவிலிருந்து 62 கிலோவுக்கு இறங்கியது அப்படித்தான். முகம் ஒட்டியது, கழுத்தெலும்பு தெரிந்தது, வயிறு அசையவே இல்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்கினேன்.

மட்டுறுத்துநர்

கேட்டவரின் உணவு, நடை குறித்த ஊகங்களைத் தவிர்க்கவும். எந்தக் கிளினிக்கின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் இங்கே எழுத வேண்டாம். எழுதியிருந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன.

பழைய மயக்கவியலர்

நெல்லை நண்பர் குறிப்பிட்ட இரண்டு துயரங்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. சென்னையில் நிகழ்ந்தது, 150 கிலோவுக்கு மேல் எடை கொண்ட ஒருவருக்கு எடைக் குறைப்புக்காகச் செய்யவிருந்த அறுவைச் சிகிச்சை தொடர்பானது. அது இரைப்பை, குடல் ஆகியவற்றின் அமைப்பையே மாற்றும் துறை. நம் செய்தித்தாள்கள் இரண்டையும் “கொழுப்பு நீக்கச் சிகிச்சை” என்றே எழுதிவிட்டன. தோலுக்கடியில் உள்ள கொழுப்பை உறிஞ்சுவது எடையைக் குறைக்கும் சிகிச்சையே அன்று. ஒரு லிட்டர் தூய கொழுப்பின் எடை 900 கிராம்தான். குடுவையில் சேர்வதிலோ நீரும் இரத்தமும் கலந்திருக்கும்.

ஆபத்து எவ்வளவு என்ற கேள்விக்கு ஒரு பழைய அளவீடு உண்டு. அமெரிக்க அழகியல் அறுவை மருத்துவர்களிடம் விசாரித்து 2000இல் வெளியான ஆய்வில், 4,96,245 சிகிச்சைகளில் 95 மரணங்கள் பதிவாயின. அதாவது ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவர். அவற்றில் கால்பகுதிக்குச் சற்றுக் குறைவானவை, காலின் இரத்தக் குழாயில் உறைந்த இரத்தம் நுரையீரலை அடைத்ததால் நேர்ந்தவை. ஏறத்தாழ 15 விழுக்காடு, குழாய் வயிற்றுச் சுவரைத் துளைத்துக் குடல் போன்ற உள்ளுறுப்பைக் குத்தியதால் நேர்ந்தவை. இந்தக் கணக்கு 1990களுக்குரியது. அதற்குப் பின் அளவு வரம்புகளும் கண்காணிப்பும் இறுகியதால், தகுதியுள்ளவர் தகுதியான இடத்தில் சிறிய அளவில் செய்யும்போது ஆபத்து வெகுவாகக் குறைந்துள்ளது. மொத்தம் 5 லிட்டரைத் தாண்டினால் ஓர் இரவாவது மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட நெறி. வயிற்றுத் தோலை வெட்டி இழுத்துத் தைக்கும் அறுவையையும் இதையும் ஒரே அமர்வில் செய்தால் இரத்த உறைவு ஆபத்து கூடும். கருத்தடை மாத்திரை உட்கொள்பவர்களும் புகைப்பவர்களும் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

குன்னூர்க்குளிர்

குளிர்க் கருவி முறையில் கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை என்கிறார்களே. சகோதரி அதைத் தேர்ந்தெடுத்தால் என்ன? நானும் வயிற்றுக்கு அதைத்தான் நினைத்திருக்கிறேன். தற்போது எடைக் குறைப்புக்காக வாரம் ஒருமுறை போடும் ஊசியில் இருக்கிறேன்.

பழைய மயக்கவியலர்

குளிர் முறையின் தோற்றம் சுவையானது. குச்சி ஐஸைக் கன்னத்தில் அடக்கிச் சுவைக்கும் குழந்தைகளுக்குக் கன்னக் கொழுப்பு மட்டும் அழற்சியடைந்து குழிவிழுவதை மருத்துவர்கள் கண்டிருந்தார்கள். தோலைவிடக் கொழுப்பணு குளிருக்கு விரைவில் மடியும் என்ற அந்தக் குறிப்பிலிருந்து பாஸ்டனில் மான்ஸ்டைனும் ஆண்டர்சனும் கருவியை உருவாக்கினார்கள். அமெரிக்காவில் 2010இல் விலாப்பக்கக் கொழுப்புக்கு அனுமதி கிடைத்தது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு மாதங்கள் ஆகும். கருவி பிடித்த இடத்தில் கொழுப்பு அடுக்கின் தடிமன் ஐந்தில் ஒரு பங்கோ சற்றுக் கூடுதலோ குறையும், அவ்வளவே. அரிதாகச் சிலருக்குக் குறைவதற்குப் பதிலாக அந்த இடத்திலேயே கொழுப்பு தடித்து வளர்ந்துவிடுகிறது; கனடாவைச் சேர்ந்த புகழ்பெற்ற மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டா தமக்கு இப்படி நேர்ந்ததை 2021இல் பொதுவெளியில் சொன்னார். அப்படி வளர்ந்தது தானாக வடிவதில்லை. கத்தியைத் தவிர்க்கப் போனவர் கத்தியிடமே திரும்ப வேண்டியிருக்கும். ஆகவே கருவியை மாட்டுபவருக்கு இது தெரியுமா, நேர்ந்தால் செலவை யார் ஏற்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

வாரம் ஒருமுறை போடும் ஊசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. இரவு முழுவதும் பட்டினி இருந்தாலும் இரைப்பையில் உணவு தங்கியிருக்கலாம். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் பேராபத்து. எந்த அறுவைக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் முதல் வரியாக இதைச் சொல்லுங்கள். “அது சத்து ஊசிதானே” என்று மறைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அரைக்கைச்சட்டை

27 வயது ஆண். மார்பகம் பெண்களுக்கு இருப்பதுபோல் வளர்ந்திருந்ததால் பள்ளி நாட்களில் சட்டைக்குள் இரண்டு பனியன் அணிந்து வளர்ந்தவன். என் மருத்துவர் முதலில் இயக்குநீர் (ஹார்மோன்) பரிசோதனைகளைச் செய்தார், உடற்பயிற்சிக் கூடத்தில் யாராவது ஊசி போட்டார்களா என்று கேட்டார், பிறகுதான் கொழுப்பை உறிஞ்சிச் சுரப்பித் திசுவையும் நீக்கினார். உறிஞ்சினால் கொழுப்புதான் வரும், சுரப்பி அப்படியே நிற்கும் என்று அவர் படம் வரைந்து விளக்கியது இப்போதும் நினைவில் இருக்கிறது. எனக்கு மிகவும் பொருத்தமான சிகிச்சையாக அமைந்தது. கடந்த ஆண்டு முதன்முறையாகக் குற்றாலத்தில் சட்டையில்லாமல் குளித்தேன். அக்கா, உங்கள் மருத்துவர் உங்கள் வயிறு எதனால் துருத்துகிறது என்று வரைந்து காட்டினாரா?

வைகைவாசி

தம்பி சரியான இடத்தைத் தொட்டுவிட்டார்.

மூன்றாவது வழியான ஊசியைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று நானே எழுதுகிறேன். டிஆக்சிகோலிக் அமிலம் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2015இல் அனுமதி கிடைத்தது இரட்டைத் தாடைக்கு மட்டும். அதிலும் உதட்டை அசைக்கும் நரம்பு சிலருக்குத் தற்காலிகமாகப் பாதிக்கப்படுவதும் விழுங்கச் சிரமப்படுவதும் அறியப்பட்டவை. வயிற்றுக்கும் தொடைக்கும் என்று விற்கப்படும் அனுமதியற்ற கரைப்பு ஊசிகளால் தழும்பும் தொற்றும் முடிச்சுகளும் ஏற்படுகின்றன என்று 2023இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது. என் உறவுக்காரப் பெண் அழகு நிலையத்தில் போட்டுக்கொண்டார். மருந்துக் குப்பியின் பெயரைக் கேட்டபோது “இறக்குமதி” என்பதே பதில். இரண்டு மாதங்கள் கழித்து வயிற்றில் கோலிக்குண்டுகள் போல முடிச்சுகள் எழும்பிச் சீழ் வைத்தன. வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்கவில்லை. காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த, தண்ணீரில் வாழும் ஒரு நுண்ணுயிர் என்று திசுப் பரிசோதனையில் தெரிந்து, பல மாதங்கள் மருந்து உட்கொண்டார்.

பழைய மயக்கவியலர்

அந்த நுண்ணுயிர், சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத உறிஞ்சு குழாய்கள் வழியாகவும் வரும். நீண்ட, உள்ளீடற்ற குழாயை மருந்து நீரில் ஊறவைத்து எடுப்பது போதாது. உயரழுத்த நீராவியில் வேகவைக்க வேண்டும். ஆறாத புண்ணோ முடிச்சோ சில வாரங்கள் கழித்துத் தோன்றினால், “தையல் ஒவ்வாமை” என்று யார் சொன்னாலும் நம்பிவிடாமல் திசுவைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

சர்க்கரை கட்டுக்குள் வரும் என்ற பேச்சையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். 2004இல் வெளியான ஆய்வு ஒன்றில், பருமனான 15 பெண்களின் வயிற்றிலிருந்து ஆளுக்கு ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பை உறிஞ்சிவிட்டுச் சில வாரங்கள் கழித்துப் பார்த்தார்கள். இன்சுலின் செயல்பாடும் இரத்த அழுத்தமும் இரத்தக் கொழுப்பும் இருந்தபடியே இருந்தன. சர்க்கரையைக் கெடுப்பதில் பெரும்பங்கு கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் படியும் உட்கொழுப்புக்கு உரியது; அங்கே உறிஞ்சு குழாய் போவதில்லை, போகவும் கூடாது. நம் பெண்களுக்கு இடுப்பு 80 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கை என்பார்கள். உங்களுடையது 88, சராசரிச் சர்க்கரை 6.0 என்பது நோய்க்கு முந்தைய கட்டம். அதற்கு மருத்துவம் பார்ப்பது தனி வேலை. கொலராடோவில் 2011இல் வெளியான மற்றோர் ஆய்வில், தொடையில் உறிஞ்சப்பட்ட பெண்களின் மொத்த உடற்கொழுப்பு ஓராண்டில் பழைய அளவுக்கே திரும்பியது. ஆனால் திரும்பிய கொழுப்பு தொடையில் சேராமல் வயிற்றில் சேர்ந்தது.

வைகைவாசி

அப்படியானால் எனக்கு மேல்கையும் முதுகும் பருத்ததற்கு என் மாமியார் சுட்ட அதிரசத்தை மட்டும் குறை சொல்ல முடியாதுபோலும்.

இயன்முறைக்காரி

பெண்களின் மகப்பேற்றுக்குப் பிந்தைய உடல்நலத்தில் பணிபுரியும் இயன்முறை மருத்துவர். நொய்யல்கரை, கை கால் ஒல்லி, எடை 7 கிலோ குறைந்தும் வயிறு அசையவில்லை, இரண்டு பிரசவங்கள் என்ற மூன்றையும் சேர்த்துப் படித்தபோது எனக்குக் கொழுப்பைவிடத் தசையின் மேல்தான் ஐயம் எழுகிறது. கர்ப்பத்தின்போது வயிற்றின் நடுக்கோட்டில் இரண்டு நேர்த்தசைகளும் விலகுகின்றன. சிலருக்கு அவை பழையபடி நெருங்குவதில்லை. இடைவெளி வழியாக உள்ளே இருப்பவை முன்னே தள்ளுகின்றன. காலையில் தட்டையாக இருந்து, சாப்பிட்ட பிறகோ மாலையிலோ வயிறு பெரிதாகிறதா?

வீட்டிலேயே பார்க்கலாம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். தொப்புளுக்குச் சற்று மேலே விரல்களைக் குறுக்காக வைத்து, தலையையும் தோளையும் மட்டும் மெதுவாக உயர்த்துங்கள். இரண்டு தசைகளின் ஓரங்களும் விரல்களை நெருக்கும். எத்தனை விரல்கள் இடையே இறங்குகின்றன, நடுவில் கூரை முகடுபோல் மேடு எழும்புகிறதா என்று பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் என்றால் முறையான பரிசோதனை தேவை. இன்னொன்று, நின்றுகொண்டு வயிற்றுத் தோலைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளிப் பிடியுங்கள். விரல்களுக்குள் அகப்படுவது மட்டுமே உறிஞ்சக்கூடிய கொழுப்பு.

நொய்யல்கரை

மூன்று விரல்கள் தாராளமாக இறங்கின. மேடும் எழும்பியது. அதன் கீழே தொப்புளருகில் இருமினால் சிறிய உருண்டை ஒன்று தட்டுப்படுகிறது. அதையும் கொழுப்பு என்றுதான் இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். கிள்ளிப் பிடித்தால் விரல்களில் அகப்படுவது மிகக் குறைவு. ஆம், காலையில் தட்டையாகத்தான் இருக்கும்.

பழைய மயக்கவியலர்

இருமும்போது தள்ளும் உருண்டை தொப்புள் ஹெர்னியாவாக, அதாவது குடலிறக்கமாக, இருக்கலாம். அதற்குள் குடலின் ஒரு வளைவு இருக்க வாய்ப்புண்டு. உறிஞ்சு குழாய் பார்வைக்கு எட்டாமல், தோலுக்கடியில் கையின் உணர்வை மட்டும் நம்பிப் போய்வருவது. ஸ்கேன் எடுக்காமல் அந்த வயிற்றில் யாரையும் குழாய் வைக்க விடாதீர்கள். உருண்டை வலித்தாலோ, உள்ளே போகாமல் இறுகினாலோ, வாந்தி வந்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். எம்.எஸ். முடித்து மூன்றாண்டு எம்.சிஎச். பிளாஸ்டிக் அறுவை படித்தவரைப் பாருங்கள். பதிவெண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கழகப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். இடத்துக்கும், 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் இருக்க வேண்டும். வரவேற்பறையில் அது தெரியும்படி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

கணக்கப்பிள்ளை

பணப் பக்கத்தைச் சொல்கிறேன். அழகியல் அறுவை எல்லா மருத்துவக் காப்பீட்டிலும் நிலையான விலக்குப் பட்டியலில் உள்ளது; அதனால் ஏற்படும் சிக்கலுக்கான செலவையும் நிறுவனம் மறுக்க வாய்ப்புண்டு. மற்ற மருத்துவச் சேவைகளுக்கு உள்ள சரக்கு சேவை வரி விலக்கும் இதற்குக் கிடையாது, ஆகவே சொன்ன தொகையில் வரி சேர்ந்ததா என்று கேளுங்கள். தவணைத் திட்டம் என்பது பெரும்பாலும் நிதி நிறுவனக் கடன். சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்த பின்பும் தவணை ஓடிக்கொண்டிருக்கக்கூடும். ஆனால் ஹெர்னியா என்று உறுதியானால் அது நோய், அழகியல் அன்று. அந்தச் செலவைக் காப்பீட்டில் கோரலாம். காத்திருப்புக் காலம் முடிந்ததா என்று மட்டும் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவரின் குறிப்பிலும் மருத்துவமனைப் பட்டியலிலும் இரண்டும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும், கலந்து எழுதினால் இரண்டும் போய்விடும்.

நொய்யல்கரை (16 நாட்களுக்குப் பிறகு)

பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். அவர் என்னை நிற்க வைத்து, படுக்க வைத்து, இரும வைத்து, அரை மணி நேரம் பரிசோதித்தார். ஸ்கேனில் தொப்புளுக்கு மேலே தசை இடைவெளி 3.4 செ.மீ.; தொப்புளில் 1.2 செ.மீ. அளவில் ஹெர்னியா, கல்லீரலில் தொடக்கநிலைக் கொழுப்பு. உறிஞ்சக்கூடிய கொழுப்பு ஒரு லிட்டருக்கும் குறைவு என்றும், அதை எடுத்தாலும் வயிறு இப்போது இருப்பதுபோலவே தள்ளி நிற்கும் என்றும் சொன்னார். நான்கு லிட்டர் என்றதைச் சொன்னபோது அவர் பதில் பேசவில்லை, பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மூன்று மாதங்கள் தசைப் பயிற்சியும் சர்க்கரைக்கான உணவு முறையும் முதலில். பிறகு ஹெர்னியாவைச் சரிசெய்யும்போது தசைகளையும் நெருக்கித் தைப்பதா என்று மீண்டும் பேசலாம் என்று முடிவாகியிருக்கிறது. அது பெரிய அறுவை. அடிவயிற்றின் குறுக்கே இடுப்பிலிருந்து இடுப்புவரை தழும்பு வரும், இரண்டு மூன்று நாட்கள் மருத்துவமனையில் இருக்க வேண்டும், மேற்கொண்டு குழந்தைக்குத் திட்டமில்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று எல்லாவற்றையும் அவரே சொன்னார். நான் இன்னும் முடிவெடுக்கவில்லை.

முன்பணத்தைக் கேட்டேன். திருப்பித் தர இயலாது, வேண்டுமானால் முகப்பொலிவுச் சிகிச்சையில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள்.

கணக்கப்பிள்ளை

பரிசோதனை ஏதும் நடைபெறவில்லை என்பதைக் குறிப்பிட்டு, ரசீது எண்ணோடு விரைவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். 1995இலேயே உச்ச நீதிமன்றம் கட்டண மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. 10,000 ரூபாய்க்காக மாவட்ட ஆணையம்வரை யார் போவார்கள் என்று அவர்கள் நினைக்கலாம். ஆனால் அந்தக் கடிதம் கிடைத்த பிறகு பலர் நினைப்பை மாற்றிக்கொள்கிறார்கள்.

நெல்லைச்சீமைக்காரன்

நேற்றிரவு என் மனைவியை மல்லாந்து படுக்கச் சொல்லி, தலையை உயர்த்தச் சொன்னேன். இரண்டரை விரல். எங்கள் மகளுக்கு இப்போது 4 வயது. நடக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேனே தவிர, ஒரு நாளும் கேட்கவில்லை. அவளுக்கு முதுகுவலியும் இருக்கிறது. வயிற்றைக் குறைக்கும் என்று நினைத்து, காலையில் நாற்பது முறை எழுந்து எழுந்து படுக்கிறாள். அதைத் தொடரலாமா?

இயன்முறைக்காரி

வேண்டாம் ஐயா, அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நடுவில் மேடு எழும்பும்படி வயிற்றை மடக்கும் எந்தப் பயிற்சியையும் இப்போது செய்ய வேண்டாம். படுக்கையிலிருந்து எழும்போது பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழச் சொல்லுங்கள். மூச்சை விட்டபடி அடிவயிற்றை மெதுவாக உள்ளிழுத்து, இடுப்புத்தளத் தசைகளைச் சேர்த்து இறுக்கும் பயிற்சியிலிருந்து தொடங்குவோம். ஆனால் அதை எழுத்தில் படித்துச் செய்வதைவிட, ஒருமுறை நேரில் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இயன்முறைப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். போகும்போது புடவையைத் தவிர்த்துத் தளர்ந்த சுடிதார் அணிந்து போகச் சொல்லுங்கள்.